பதினேழாம் கேள்வி

பணத்தை உறையில் போட்டு எடுத்துப் போனோம்,
ரொட்டி வாங்கப் போவதுபோல.
ஹீரன்வேன் தாண்டியதிலிருந்து
சாலையோடு கூடவே ஓடிவந்தது வாய்க்கால்.
காரில் ரின்ஸ் பேசவில்லை. நானும்தான்.
வைப்பர் மட்டும் இருவருக்கும் சேர்த்து
இல்லை, இல்லை என்றபடி வந்தது.

ஹில்கியே வீட்டில் நாய்க்கூண்டு எதுவும் இல்லை.
அடுக்களையில், துணி துவைக்கும் இயந்திரத்துக்கும்
சைக்கிள் பம்புக்கும் நடுவே
கால் அறுத்த ஒரு பழைய கட்டில்.
அதன் சட்டத்துக்குள் ஏழு ஸ்டாபெய் குட்டிகள்
மைப்புட்டி கவிழ்ந்த காகிதங்களாக
ஒன்றின் மேல் ஒன்று தூங்கின.
தாய் யிக்கே எழுந்து வந்தாள்.
முதலில் என் காலணியை வாசித்தாள்,
பிறகு அவனுடையதை,
பிறகு எங்களுக்கு நடுவே கிடந்த வெறுந்தரையை
நெடுநேரம் மோந்தாள்.

நாங்கள் கேட்க வந்தவர்கள்.
காபி ஊற்றிவிட்டுக் கேட்டதோ ஹில்கியே.

வேலி எத்தனை உயரம்?
வீடு எத்தனை மணிநேரம் ஆளில்லாமல் கிடக்கும்?
தோட்டத்தில் அகழெலி உண்டா?
உண்டென்றால் புல்தரையை இன்றே மறந்துவிடுங்கள்,
இவற்றின் பாட்டன் பூட்டன் எல்லாம்
அகழெலி பிடித்தே வயிறு வளர்த்தவர்கள்.
ராத்திரி இரண்டு மணிக்கு மூத்திரம் முட்டி அழுதால்
யார் எழுந்திருப்பது?

"நான்" என்றோம், ஒரே நேரத்தில் இருவரும்.
பல மாதங்களில் நாங்கள் ஒத்துச் சொன்ன
முதல் சொல்.
அதுவும் "நாங்கள்" இல்லை.

தகப்பன் நாயின் இடுப்பெலும்புப் படத்தை
சன்னல் வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினாள்.
முன்பொரு ஈற்றில் ஒரு குட்டிக்கு வலிப்பு கண்டதை
யாரும் கேட்காமலே சொன்னாள்.
அந்தத் தாய்க்கு அதோடு பிரசவம் போதும்
என்று நிறுத்திவிட்டாளாம்.
மறைக்க ஒன்றுமில்லாத ஒருத்தியின் எதிரே
உட்கார்ந்திருப்பது எவ்வளவு சிரமம்.

பதினேழாம் கேள்வி:
"நீங்கள் இருவரும் பிரிந்தால், நாய் யாரோடு?"

வேலியின் உயரம் கேட்ட அதே குரல்.
எல்லோரையும் கேட்பாளாம்,
படிவத்தில் அச்சடித்தே இருக்கிறது.
ரின்ஸ் காலிக் கோப்பையை வாய்வரை கொண்டுபோனான்.
நான் குட்டிகளை எண்ணினேன். ஏழு.
மறுபடி எண்ணினேன். ஆறு.
ஏழாவது, வால்நுனி மட்டும் வெளுத்தது,
சட்டத்தின் இடுக்கில் புகுந்து தள்ளாடி வந்து
என் காலணிக் கயிற்றை
அக்கறையாக அவிழ்த்துக்கொண்டிருந்தது.

"பிரியாமல் இருக்கத்தான் நாயே வாங்குகிறோம்."

சொன்னது அவன்.
என்னிடம் ஒருபோதும் சொல்லாததை
முன்பின் தெரியாத ஒரு அடுக்களையில்.
நாள் முழுக்கக் கடித்த செருப்பைக்
கழற்றி எறிந்தவன் முகமாக இருந்தது அது.
எத்தனை காலம் ஆயிற்று
நான் அந்த முகத்தைப் பார்த்து.

ஹில்கியே திட்டவில்லை. கோப்பை மூடினாள்.
"முதல் வருஷம் இவற்றை மாடிப்படி ஏறவிடுவதில்லை.
இடுப்பு இன்னும் கெட்டிப்பட்டிருக்காது.
நீங்கள் ஏற்றப் பார்ப்பது
அதைவிடச் செங்குத்து."

உறையைப் பிரிக்காமலே என் பக்கம் தள்ளினாள்.
பட்டியலிலிருந்து எங்களை அடிக்கமாட்டாளாம்.
அடுத்த வசந்தத்தில் ஃபோன் செய்யுங்கள்,
ஒரு பெயராக எழுதுவதா
இரண்டாக எழுதுவதா என்று
அப்போது சொன்னால் போதும்.

திரும்பும்போது மழை விட்டிருந்தது.
வைப்பரை நிறுத்த ரின்ஸ் மறந்தான்.
நான் நினைவூட்டவில்லை.
உலர்ந்த கண்ணாடியில் அது கிறீச்சிட்டு
கிறீச்சிட்டு, ஏதோ ஒரு பாலத்தில்
இருவருக்கும் ஒன்றாகச் சிரிப்பு வந்துவிட்டது.
அப்புறம் மறுபடி ஒன்றுமில்லை.

குனிந்து பார்த்தேன்.
அவிழ்ந்த கயிறு,
அதன் முனையில் ஊசிப்பற்களின் ஈரம்.
ஸ்வொல்லே வரும்வரை
நான் அதைக் கட்டவில்லை.